மாற்றுக்கால் ஓரவீரர்

உதைபந்தாட்டக் களத்தின் பக்கக் கோடுகளை அடுத்து நின்று ஆடும் முன்னணி வீரர் இருவரையும் ஓரவீரர் எனலாம். வலக்காலில் வலிமை மிக்கவனை வலது ஓரத்திலும் இடக்காலில் வலிமை மிக்கவனை இடது ஓரத்திலும் நிறுத்துவதே ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நிலவிய வழக்கம். இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இவ்வழக்கம் தலைகீழாயிற்று. ஐரோப்பாவின் முதன்மையான கழகங்கள் இடக்கால் வீரனை வலப்புறத்திலும் வலக்கால் வீரனை இடப்புறத்திலும் நிறுத்தத் தலைப்பட்டன. இம்மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆர்ஜென்ரீன நாட்டு லியோனல் மெஸ்சியோடும் ஒல்லாந்து நாட்டு ஆரியன் ரொபனோடும் கதையைத் தொடங்குவர். அவ்வாறு தொடங்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மாற்றுக்கால் ஓரவீரர் அவ்விருவரும் பிறப்பதற்கு நெடுநாள் முன்னரே களத்தில் இருந்தனர். புதியது அவ்வீரரை அவ்விடத்தில் நிறுத்துவதற்கான காரணமே. முன்னாளில் இருகாலும் வல்ல ஒருவனுக்கு மட்டுமே அளிக்கத்தக்கதாயிருந்த அவ்விடம், பின்னாளில் ஒருகாலே வல்லவனுக்கும் மிகப் பொருத்தமான இடமாயிற்று. இது நிகழ்ந்தமைக்குக் காரணம் ஓரவீரனிடத்தில் மட்டும் இல்லை. அவனுக்குப் பின்னே நின்ற காவலனிடத்திலும் அவனுக்கு முன்னே நின்ற நடு முன்னணி வீரனிடத்திலும் அதனைத் தேட வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நிலைபெற்ற அணிவகுப்பு, பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என அமைந்தது. அவ்வைவருள் இரு முனைகளிலும் நின்றோரே ஓரவீரர். 1939 இல் இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் சட்டைக்கு இலக்கமிடுதல் கட்டாயமானபோது வலது ஓரவீரருக்கு 7 உம் இடது ஓரவீரருக்கு 11 உம் உரியனவாயின. அவர்களுடைய தொழில் தெளிவானது. பக்கக் கோட்டையொட்டிப் பந்தைக் கொண்டு ஓடி, எதிரணிக் காவலனைக் கடந்து, கோல் கோட்டை அணுகி, அங்கிருந்து பந்தைக் களத்தின் குறுக்கே கோலின் முன்னே அனுப்புதல் வேண்டும். இதற்கு வலப்புறத்தில் வலக்காலே உகந்தது. காவலன் உட்புறத்தில் நிற்க, பந்து வெளிப்புறக் காலில் இருப்பதால் வீரனின் உடலே அதற்கு வேலியாகிறது. ஓட்டத்தை நிறுத்தாமலே உதைக்கலாம். அவ்வாறு உதைத்த பந்து வளைந்து கோல் காவலரின் கைக்கு எட்டாது விலகி, எதிர்கொண்டு பாய்ந்து வரும் நடு முன்னணி வீரரின் தலையை நாடிச் செல்லும். இடக்கால் வீரன் ஒருவன் அங்கே நின்றால், கோல் கோட்டருகே வந்ததும் பந்தைப் பின்னிழுத்து இடக்காலுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்குள் காவலர் கூடிவிடுவர். இடக்கால் வீரரோ எக்காலத்தும் அரியவர். ஐவருள் ஒருவரே இருப்பர். அத்தகைய அரும்பொருளை இடது ஓரத்தில் வைக்காது வேறெங்கு வைப்பது என்று அக்காலத்துப் பயிற்றுநர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

இப்பழைய முறையின் உச்சத்தைக் காண விரும்புவோர் 1953 மே 2 ஆம் நாள் வெம்பிளியில் நடைபெற்ற இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டத்தை நினைவுகூர்வர். பிளக்பூல் கழகம் 3–1 எனப் பின்தங்கியிருந்தது. முப்பத்தெட்டு வயதான ஸ்ரான்லி மத்தியூஸ் வலது ஓரத்தில் மீண்டும் மீண்டும் பந்தைப் பெற்று, போல்ரன் காவலரைக் கடந்து கோல் கோடு வரை சென்றார். கடைசிக் கணங்களில் அவர் அங்கிருந்து பின்னோக்கி அனுப்பிய பந்தை இடது ஓரவீரரான பில் பெரி கோலாக்க, பிளக்பூல் 4–3 என வென்றது. அவ்வாட்டத்தில் மூன்று கோல்களைப் போட்டவர் ஸ்ரான் மோட்டென்சன். ஆயினும் மக்கள் அதனை மத்தியூஸின் இறுதியாட்டம் என்றே அழைத்தனர். கோல் போட்டவரிலும் பந்தை அனுப்பியவருக்கே புகழ் சென்றமை அக்காலத்தில் ஓரவீரரின் கடமை எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

எனினும் இக்கட்டளையை மீறியோர் அக்காலத்திலும் இருந்தனர். 1925 இல் ஓவ்சைட் விதி திருத்தப்பட்டது. முன்னே நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்தது இருவர் என மாறிற்று. அதே ஆண்டில் ஆர்சனல் கழகத்தின் பொறுப்பை ஏற்ற ஹேர்பேட் சப்மன், நடுவில் நின்ற வீரரைப் பின்னே இறக்கி மூவர் காவலை அமைத்ததோடு, ஓரவீரர் பக்கக் கோட்டையே பற்றிக்கொண்டிராமல் கோலை நோக்கி உட்புறமாகச் சாய்ந்து வரவும் செய்தார். அலெக்ஸ் ஜேம்ஸ் நடுக்களத்திலிருந்து அனுப்பிய நெடும்பந்துகளைப் பெற்று, 1932–33 ஆம் ஆண்டுப் பருவத்தில் இடது ஓரவீரர் கிளிஃப் பஸ்ரின் லீக் ஆட்டங்களில் 33 கோல்களையும், வலது ஓரவீரர் ஜோ ஹியூம் 20 கோல்களையும் போட்டனர். ஓரத்தில் நிற்பவன் பிறருக்குப் பந்தூட்டுபவன் மட்டும் அல்லன், தானே கோல் போடவும் வல்லவன் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. சப்மன் ஓரவீரரின் பாதையை மாற்றினார். அப்பாதைக்கு எந்தக் கால் உகந்தது என்ற வினா ஒரு கொள்கையாக எழுவதற்கு இன்னும் எழுபது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

அவ்வினாவுக்கு, எவரும் கேளாமலே, தம் ஆட்டத்தால் விடை கூறியவர் ரொம் ஃபினி. 1922 இல் பிரெஸ்ரன் நகரத்தில் பிறந்த இவர் இளமையில் மெலிந்த உடலினர். நீர்க்குழாய் பொருத்தும் தொழிலைக் கற்றவர். புகழ்பெற்ற பின்னும் அத்தொழிலைக் கைவிடாதவர். இரண்டாம் உலகப் போரில் எகிப்திலும் இத்தாலியிலும் படைப்பணி புரிந்து மீண்டு, 1946 இல் பிரெஸ்ரன் நோர்த் எண்ட் கழகத்துக்காக லீக் ஆட்டங்களில் இறங்கினார். அக்கழகத்தைத் தவிர வேறொரு லீக் கழகத்துக்கும் ஆடாமல் 433 லீக் ஆட்டங்களில் 187 கோல்களைப் போட்டார். இவர் இயல்பிலே இடக்கால் வீரர். ஆனால் இவர் பெரிதும் ஆடிய இடமோ வலது ஓரம். இடக்கால் வீரர் ஒருவர் வலப்புறத்தில் எவ்வாறு நிலைபெற்றார் எனின், வலக்காலையும் இடக்காலுக்கு இணையாகும்வரை இடைவிடாது பழக்கினார் என்பதே விடை. அவரை எதிர்த்து நின்ற காவலனின் நிலை இரங்கத்தக்கது. வெளிப்புறத்தை மறித்தால் அவர் உட்புறம் திரும்பித் தமது இயல்பான இடக்காலால் கோலை நோக்கி உதைப்பார். உட்புறத்தை மறித்தால் வெளியே கடந்து சென்று, பழக்கிய வலக்காலால் பந்தைக் குறுக்கே அனுப்புவார். மத்தியூஸை எதிர்த்தவனுக்கு அவர் எப்பக்கம் போவார் என்பது பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. ஃபினியை எதிர்த்தவனுக்கு அதுவும் தெரியாது.

இங்கிலாந்து அணியில் வலது ஓரம் மத்தியூஸுக்கா ஃபினிக்கா உரியது என்ற வழக்கு அந்நாட்டினரிடையே நெடுங்காலம் நடந்தது. 1946 செப்ரெம்பரில் பெல்பாஸ்ற் நகரில் மத்தியூஸின் இடத்தில் ஆடித் தமது முதல் நாட்டு ஆட்டத்திலேயே ஃபினி கோல் போட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் 25 ஆம் நாள் லிஸ்பன் நகரத்தில் இவ்வழக்குக்கு ஓர் அழகிய தீர்வு காணப்பட்டது. மத்தியூஸ் வலப்புறத்திலும் ஃபினி இடப்புறத்திலும் நிறுத்தப்பட்டனர். போர்த்துக்கலை இங்கிலாந்து 10–0 என வென்றது. மோட்டென்சனும் ரொமி லோட்டனும் நந்நான்கு கோல்களைப் போட, ஏனைய இரண்டையும் ஓரவீரர் இருவரும் ஒவ்வொன்றாகப் பகிர்ந்துகொண்டனர். தம் நாட்டுக்காக ஆடிய 76 ஆட்டங்களில் ஃபினி வலது ஓரம், இடது ஓரம், நடு முன்னணி ஆகிய மூன்று இடங்களிலும் ஆடி 30 கோல்களைப் போட்டார். இடத்துக்குக் காலைத் தேடாது, எவ்விடத்துக்கும் பொருந்தக் காலைப் பழக்கிய ஒருவரின் வரலாறு இது. ஆயின் அவருடைய நிலை பிறருக்கு முன்மாதிரியாகவில்லை. ஃபினியைப் போல் ஆட வேண்டுமாயின் ஃபினியாகவே இருத்தல் வேண்டும் என்று பயிற்றுநர் விட்டுவிட்டனர் போலும்.

அடுத்து நிகழ்ந்த மாற்றம் ஓரவீரரை மேலுயர்த்தியதன்று. அவரைக் களத்தை விட்டே அகற்றியது. 1966 உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தின் பயிற்றுநர் அல்ஃப் ராம்சி, முதற் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் முறையே கொனெலி, பெயின், கலகன் என்னும் ஓரவீரரை ஒருவர்பின் ஒருவராக ஆடவிட்டுப் பார்த்தார். மூவரிடத்தும் நிறைவு காணாது, காலிறுதியிலிருந்து ஓரவீரரே இல்லாத அணியை இறக்கிக் கிண்ணத்தையும் வென்றார். வெற்றிக்கு வாதம் வேண்டியதில்லை. பலரும் அவரைப் பின்பற்றினர். ஆனால் பக்கக் கோட்டருகே காலியான நிலத்தை யார் நிரப்புவது? ராம்சியின் அணியில் பக்கக் காவலரான ஜோர்ஜ் கோஹனும் ரே வில்சனும் முன்னேறிச் சென்றனர். கோலைக் காப்பதே கடமை எனப் பின்னே தங்கியிருந்த காவலன் இவ்வாறு ஓரவீரனின் தொழிலையும் தன் தோளில் ஏற்றுக்கொண்டான். இதனை இங்கிலாந்தின் கண்டுபிடிப்பு என்றலும் பொருந்தாது. பிரேசில் நாட்டவர் 1958 இலேயே நால்வர் காவலை அமைத்திருந்தனர். இத்தாலியில் இன்ரர் மிலான் கழகத்தின் ஜியசின்ரோ பாக்கெற்றி இடது காவலராயிருந்துகொண்டே கோல் போடுவதில் பேர் பெற்றிருந்தார்.

காவலன் முன்னேறுவதும் ஓரவீரன் உள்ளே வருவதும் ஒரே செயலின் இரு பாதிகள் என்பதை உலகமெல்லாம் ஒருங்கே கண்ட நாள் 1970 யூன் 21. மெக்சிக்கோ நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். இத்தாலிக்கு எதிராகப் பிரேசில் 3–1 என முன்னிலையில் இருந்தது. பிரேசிலின் வலது ஓரவீரர் ஜெயர்சினோவை நிழல் போல் தொடர்வது பாக்கெற்றிக்கு இட்ட பணி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் ஜெயர்சினோ தம் இடத்தை முற்றாக விட்டு இடது ஓரத்துக்கே சென்றுவிட்டார். கட்டளை தவறாத பாக்கெற்றியும் உடன் சென்றார். ரிவெலினோ அனுப்பிய பந்தை ஜெயர்சினோ அங்கே பெற்று, உட்புறமாகத் திரும்பி, நடுவில் நின்ற பெலேயிடம் கொடுத்தார். பெலே அவசரமின்றி அதனை வலப்புறம் உருட்டினார். அங்கே, இத்தாலியர் ஒருவரும் இல்லாத வெளியில், வலது காவலரும் அணித்தலைவருமான கார்லோஸ் அல்பேர்ட்டோ ஓடி வந்து உதைத்த பந்து வலையில் தைத்தது. இக்கோலைப் போற்றுவோர் பெலேயின் அமைதியையும் இறுதி உதையின் வேகத்தையும் போற்றுவர். வரலாற்று நோக்கில் அதனினும் சிறந்தது பாக்கெற்றி விட்டுச்சென்ற வெற்றிடமே. ஓரவீரன் ஓரத்தை விட்டு நீங்கினால் காவலன் ஒருவனைத் தன்னோடு இழுத்துச் செல்கிறான். அவ்வெளியில் வேறொருவன் புகலாம். வலக்கால் வீரரான ஜெயர்சினோ இடப்புறத்திலிருந்து உட்சென்றமையால் அச்சில கணங்களுக்கு அவரும் ஒரு மாற்றுக்கால் ஓரவீரராகவே இருந்தார் எனலாம்.

ஃபினியின் வழியில் வந்த மற்றொருவர் ஸ்கொட்லாந்து நாட்டு ஜோன் ரொபேட்சன். நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் கழகத்தில் பிரையன் க்ளஃப் இவரை இடது ஓரத்தில் நிறுத்தினார். இவர் வலக்கால் வீரர். விரைந்து ஓடுபவரும் அல்லர். பார்வைக்கு விளையாட்டு வீரராகவே தோன்றாதவர். ஆனால் இடக்காலையும் வலக்காலைப் போலவே ஆளக் கற்றவர். 1979 இல் மியூனிக் நகரில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் மால்மோக் காவலர் இருவரை வெளிப்புறமாகக் கடந்து, இடக்காலால் இவர் குறுக்கே அனுப்பிய பந்தை ட்ரெவர் பிரான்சிஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். அவ்வொரு கோலே வெற்றி தந்தது. 1980 இல் மட்றிட் நகரில் அதே கிண்ணத்துக்கான இறுதியாட்டத்தில் ஹம்பேர்க் கழகத்துக்கு எதிராக இவரே உட்புறமாக வெட்டித் திரும்பி, வலக்காலால் உதைத்து ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். ஒரே ஓரத்தில் நின்று, ஓராண்டு வெளியே சென்று இடக்காலாலும், மறு ஆண்டு உள்ளே சென்று வலக்காலாலும் ஐரோப்பாவின் உயர்ந்த கிண்ணத்தை இருமுறை தம் கழகத்துக்குப் பெற்றுக் கொடுத்தார். மாற்றுக்கால் ஓரவீரனின் முழு உருவம் இவரிடத்தில் அமைந்தது போல் பின்வந்தோர் பலரிடத்தில் அமையவில்லை.

இதன் பின்னர் இருபது ஆண்டுக்காலம் இங்கிலாந்தில் நால்வர், நால்வர், இருவர் என்னும் அணிவகுப்பே ஆட்சி செய்தது. முன்னே இருவர் நிற்கும்வரை ஓரத்திலிருந்து வரும் குறுக்குப் பந்துக்கு மதிப்பு இருந்தது. இடக்கால் வீரரான கிறிஸ் வடில் வலது ஓரத்தில் ஆடி இங்கிலாந்திலும் பின்னர் மார்செயிலும் புகழ் பெற்றமை போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆயினும் விதி விதியாகவே இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுக்களத்தை நிரப்பும் பொருட்டு முன்னணியில் ஒருவரை மட்டும் நிறுத்தும் வழக்கம் பரவியபோதே அதன் அடிப்படை ஆட்டங்கண்டது. காவலர் நால்வரிடையே தனித்து நிற்கும் ஒருவனின் தலையை நோக்கிப் பந்தை உயர்த்தி அனுப்புவதில் பயன் என்ன? கோல் போடும் கடமையில் ஒரு பங்கை ஓரவீரன் ஏற்றாக வேண்டும். அவன் கோல் போட வேண்டுமாயின் கோலை நோக்கி வர வேண்டும். கோலை நோக்கி வருபவனுக்கு உட்புறக் காலே ஆயுதம்.

இவ்விடத்தில் களத்தின் வடிவத்தைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். வலது ஓரத்திலிருந்து உட்புறமாகத் திரும்பும் இடக்கால் வீரனின் முன்னே முழுக் களமும் திறந்து கிடக்கிறது. உதைக்கும் கால் கோலின் நடுப்பக்கமாக இருப்பதால், அவன் காலின் உட்பக்கத்தால் உதைக்கும் பந்து வெளியே தொடங்கித் தூரத்துக் கம்பத்தை நோக்கி உள்ளே வளைகிறது. கோல் காவலர் எட்டிப் பாய்ந்தாலும் பந்து அவரைச் சுற்றிக்கொண்டு போகும். அவனை மறிக்கும் இடது காவலனோ பெரும்பாலும் இடக்கால் வீரன். உட்புறம் செல்லும் பந்தை அவன் தனது மெலிய வலக்காலால் தடுக்க வேண்டியவனாகிறான். தாக்குபவனின் வலிய காலும் காப்பவனின் மெலிய காலும் எதிர்ப்படுகின்றன. பழைய முறையில் வலிய காலுக்கு வலிய காலே எதிர்நின்றது. இந்நுட்பம் ஃபினியின் காலத்திலும் உண்மையே. ஆயினும் அக்காலத்தில் ஓரவீரன் உள்ளே வந்தால் வெளிப்புறம் வெறிதே கிடந்தது. கார்லோஸ் அல்பேர்ட்டோவைப் போன்ற காவலன் ஒவ்வோர் அணியிலும் இருபுறத்திலும் தோன்றிய பின்னரே இத்துறப்பு நட்டமில்லாத துறப்பாயிற்று.

கொள்கைக்கு முன்னே தேவை வந்தது என்பதையும் மறத்தலாகாது. 2004 இல் செல்சிக் கழகத்தில் டஃப், ரொபன் ஆகிய இருவரும் இடக்கால் ஓரவீரராயிருந்தமையால் இருவரும் ஒருங்கே ஆட ஒருவர் வலப்புறம் செல்லவேண்டியிருந்தது. பார்சிலோனாக் கழகத்தில் வலக்கால் வீரரான ரொனால்டினோ இடது ஓரத்திலிருந்து உள்ளே வந்து ஆடினார். ஆகவே அங்கு வளர்ந்த இளைஞர் மெஸ்சிக்கு எஞ்சியிருந்தது வலது ஓரமே. 2006 பெப்ரவரி 22 ஆம் நாள் இலண்டனில் செல்சிக்கு எதிராகப் பதினெட்டு வயது மெஸ்சி அவ்வோரத்தில் இறங்கினார். அவரைத் தடுக்கும் முயற்சியில் செல்சியின் இடது காவலர் முதற் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். பார்சிலோனா 2–1 என வென்றது. மெஸ்சியின் உட்புறப் பயணம் அத்துடன் நிற்கவில்லை. 2009 மே 2 ஆம் நாள் மட்றிட்டில் பயிற்றுநர் குவார்டியோலா அவரை ஓரத்திலிருந்து எடுத்து நடுவிலேயே நிறுத்த, பார்சிலோனா றியல் மட்றிட்டை 6–2 என வென்றது. வலது ஓரம் அவருக்கு வீட்டின் திண்ணை போன்றது. அங்கே சிறிது காலம் அமர்ந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திண்ணையிலேயே பத்தாண்டு வாழ்ந்தவர் ரொபன். 2009 ஓகஸ்ற் இறுதியில் பயேர்ண் மியூனிக் கழகத்தில் சேர்ந்து, முதல் ஆட்டத்திலேயே இரண்டாம் பாதியில் இறங்கி வொல்ஸ்பேர்க் அணிக்கு எதிராக இரண்டு கோல்களைப் போட்டார். பயிற்றுநர் லூயி வன் ஹால் இடக்கால் ரொபனை வலப்புறத்திலும் வலக்கால் ரிபெரியை இடப்புறத்திலும் நிறுத்தினார். பயிற்றுநர் பலர் மாறியும் இவ்வமைப்பு நிலைத்தது. 2019 இல் இருவரும் கழகத்தை விட்டு நீங்குமுன் ரொபன் எட்டு முறை ஜேர்மன் லீக் வெற்றியாளராயினார். அவருடைய ஆட்டம் முழுவதும் ஒரே அசைவின் பல பதிப்புகள் எனலாம். வலது ஓரத்தில் பந்தைப் பெறுவார். காவலனை நோக்கி ஓடுவார். குறும் எட்டுகளாக உட்புறம் வெட்டுவார். இடக்காலால் தூர மூலைக்கு உதைப்பார். 2010 யூன் 28 இல் தென்னாபிரிக்காவில் சிலோவாக்கியாவுக்கு எதிராக அவர் போட்ட கோல் இதற்குத் தக்க சான்று. பார்ப்போர் அனைவரும் அறிந்த ஒன்றைக் காவலர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பது இயல்பே. எப்பொழுது வெட்டுவார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்தது என்பது விடையின் ஒரு பாதி. மறுபாதி பெரும்பாலும் அவருக்குப் பின்னிருந்து ஓடி வந்தது. வலது காவலரான பிலிப் லாம் பக்கக் கோட்டையொட்டி அவரைக் கடந்து முன்னே செல்வார். எதிரணிக் காவலன் உட்புறத்தை அடைத்தால் லாமுக்குப் பந்து போகும். லாமைத் தொடர்ந்தால் ரொபனுக்கு வழி திறக்கும். இந்த லாம், வலக்கால் வீரராயிருந்தும், 2006 உலகக் கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் இடது காவலராக நின்று, கொஸ்ராறிக்காவுக்கு எதிராக உட்புறம் திரும்பி வலக்காலால் அப்போட்டியின் முதற் கோலைப் போட்டவர் என்பது சுவையான செய்தி. அவ்வசைவின் பயனை அவர் நன்கு அறிந்தவர்.

2012 இல் தம் சொந்த நகரத்தில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ரொபன் மேலதிக நேரத்தில் பெனல்ரி உதையைத் தவறவிட, பயேர்ண் தோற்றது. மறு ஆண்டு மே 25 ஆம் நாள் வெம்பிளியில் டோட்முண்ட் கழகத்துக்கு எதிராக அக்கறை நீங்கியது. ஆனால் அந்நாளின் இரு கோல்களும் அவருடைய வழக்கமான அசைவால் வந்தவை அல்ல. முதலாவது கோலுக்கு அவர் இடப்புறத்தில், தம் இயல்பான பக்கத்தில், கோல் கோட்டை அணுகிப் பந்தைக் குறுக்கே அனுப்ப, மான்சுக்கிச் அதனை வலைக்குள் தட்டினார். மத்தியூஸ் கண்டிருந்தால் மகிழ்ந்திருக்கத்தக்க கோல் அது. 89 ஆம் நிமிடத்தில் ரிபெரி குதிகாலால் தட்டிவிட்ட பந்தை நடுவழியாக ஓடிப் பெற்று, இடக்காலால் மெல்ல உருட்டி இரண்டாவது கோலைத் தாமே போட்டார். வரலாறு தன் மாணாக்கரை இவ்வாறு ஏமாற்றுவதுண்டு.

குறுக்குப் பந்து அழிந்துவிட்டது என்று வருந்துவோர் 2018–19 ஆம் ஆண்டு லிவர்பூல் அணியின் கணக்கை நோக்குதல் வேண்டும். வலது ஓரத்தில் இடக்கால் சலாவும் இடது ஓரத்தில் வலக்கால் மானேயும் ஆடினர். லீக் ஆட்டங்களில் இருவரும் தலைக்கு 22 கோல்களைப் போட்டு, அப்பருவத்தில் மிகுந்த கோல் போட்ட மூவருள் இருவராயினர். அவர்களுக்குப் பின்னே நின்ற பக்கக் காவலருள் அலெக்சாந்தர் ஆர்னோல்ட் 12 கோல்களுக்கும் அன்டி ரொபேட்சன் 11 கோல்களுக்கும் பந்தளித்தனர். இவரும் முன்னைய ரொபேட்சனைப் போல ஸ்கொட்லாந்தரே. நடு முன்னணியில் நின்ற ஃபிர்மினோ அடிக்கடி பின்னே இறங்கி இடம் ஒழித்துக் கொடுத்தார். ஓரவீரர் முன்னணி வீரராயினர், காவலர் ஓரவீரராயினர், முன்னணி வீரர் நடுக்களத்தவராயினார். தொழில்கள் அழியவில்லை, ஆள்தான் மாறினர்.

ஆயினும் இழப்பு ஒன்றுமே இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. ஃபினியும் ரொபேட்சனும் மெலிய காலை வலிய காலாக்கியதால் மாற்று ஓரத்தைப் பெற்றனர். இன்றைய முறையோ மெலிய காலை மெலிந்ததாகவே விட்டுவிட இடமளிக்கிறது. பல இடங்களில் அதனை ஊக்குவிக்கிறது என்றும் சொல்லலாம். உட்புறம் ஒன்றே வழி என்றாகிவிட்ட ஓரவீரனை ஈராள் காவலால் அடைத்துவிடலாம். அவன் திரும்பித் திரும்பிப் பந்தைப் பின்னுக்குக் கொடுக்கும் காட்சியைக் காணாதார் இலர். ரொபனுக்கு விரைவு இருந்தது. அவரைப் பார்த்துப் பயின்ற எல்லோருக்கும் அது இருக்கவில்லை. பயிற்றுநன் ஒருவன் இடக்காற் சிறுவனை வலது ஓரத்தில் நிறுத்துமுன், அவனது வலக்காலுக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறான் என்பதையும் எண்ணுதல் நன்று.

2024 இல் ஜேர்மனியில் நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஸ்பெயின் அணி வலது ஓரத்தில் இடக்கால் வீரரான லமின் யமாலையும், இடது ஓரத்தில் வலக்கால் வீரரான நிக்கோ வில்லியம்ஸையும் நிறுத்தியது. யூலை 9 ஆம் நாள் மியூனிக் நகரில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில், பதினேழு வயது நிரம்ப நான்கு நாள் இருந்த யமால், வலப்புறத்திலிருந்து உட்புறமாகச் சற்றுத் திரும்பி இடக்காலால் உதைத்த பந்து தூரக் கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டுக் கோலாயிற்று. ரொபன் பத்தாண்டு ஆடிய அதே நகரில், அதே வழியில். ஐந்து நாள் கழித்து பெர்லினில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த இறுதியாட்டத்தில் யமால் மீண்டும் வலப்புறத்திலிருந்து உள்ளே வந்தார். இம்முறை உதைக்கவில்லை, காவலரைத் தம்பால் ஈர்த்து, பந்தைக் குறுக்கே இடப்புறம் அனுப்பினார். அங்கு வந்த வில்லியம்ஸுக்குத் திரும்பித் தமது வலக்காலுக்குப் பந்தை மாற்ற நேரமில்லை. வந்த வேகத்திலேயே இடக்காலால் உதைத்துத் தூர மூலையில் கோல் போட்டார். இங்கிலாந்து ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. 86 ஆம் நிமிடத்தில் ஸ்பெயினின் இடது காவலர் குக்குரேயா, பழைய ஓரவீரர் ஓடிய அதே பக்கக் கோட்டருகே முன்னேறி, இடக்காலால் தாழ்வாகப் பந்தைக் கோலின் முன்னே அனுப்பினார். ஓயர்சபால் சறுக்கி வந்து அதனை வலைக்குள் தட்ட, கிண்ணம் 2–1 என ஸ்பெயினுக்குச் சென்றது.